ஃபின்லாந்து ஏஸ் விமானிகளின் கையெழுத்துப் படங்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

ஃபின்லாந்து 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் வரை ஒரு முறையும், 1941 ஜூன் முதல் 1944 செப்டம்பர் வரை இன்னொரு முறையும் சோவியத் யூனியனோடு போரிட்டது. குளிர்காலப் போர், தொடர்ச்சிப் போர் என்று அவற்றைச் சொல்வார்கள். அந்தச் சிறிய விமானப்படையில் ஐந்தோ அதற்கு மேலோ எதிரி விமானங்களை வீழ்த்திய ஏஸ்கள் நிறையப் பேர். அவர்கள் கையெழுத்திட்ட படங்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. போலிகளும் வருகின்றன.

படி 1: பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலிடம் இல்மாரி யூட்டிலைனென், 94 வெற்றிகள். அடுத்து ஹான்ஸ் விண்ட், 75. அப்புறம் ஐனோ லுக்கனென், 56. முதல் இருவரும் ஃபின்லாந்தின் உயரிய வீர விருதான மன்னர்ஹைம் சிலுவையை இரண்டு முறை பெற்றவர்கள். 1940 ஜனவரி 6 அன்று நான்கே நிமிடங்களில் ஆறு குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்திய யோர்மா சர்வாந்தோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இந்த நால்வர் போதும்.

படி 2: இறந்த ஆண்டை எழுதிவையுங்கள்

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. முன்வரிசை ஏஸ்களில் யாரும் இன்று உயிரோடு இல்லை. யூட்டிலைனென் 1999 வரையும் விண்ட் 1995 வரையும் இருந்தார்கள். போர் முடிந்து பல பத்தாண்டுகள் இருந்தவர்கள் என்பதால், பழைய படத்தின் புதிய பிரதியில் முதுமையில் போட்ட கையெழுத்து என்றால் நம்ப இடமுண்டு. சர்வாந்தோ 1963-இலேயே இறந்துவிட்டார், லுக்கனென் 1964-இல். மற்ற ஏஸ்களில் உர்ஹோ லெஹ்தோவாரா இறந்தது 1949-இல். லவ்ரி நிஸ்ஸினென் 1944 ஜூனில் போரிலேயே பலியானார்.

இப்போது பேனாவுக்கு வருவோம். மெல்லிய முனை கொண்ட ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964-இல்தான். சுட்டு வீழ்த்திய விமானத்தின் தகட்டுத் துண்டைப் பிடித்தபடி சர்வாந்தோ நிற்கும் புகழ்பெற்ற படத்தில் பளிச்சென்று அப்படியொரு மார்க்கர் கையெழுத்து இருந்தால், பேரம் பேசவே வேண்டாம். 1942 என்று தேதியிட்ட பால்பாயின்ட் கையெழுத்துக்கும் இதே கதிதான். போர்க்காலக் கையெழுத்து என்றால் ஊற்றுப்பேனா மையோ பென்சிலோதான் எதிர்பார்க்க வேண்டும்.

படி 3: படத்தையே விசாரியுங்கள்

கையெழுத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுப் படத்தைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். விமானத்தின் உடலில் மஞ்சள் பட்டை தெரிந்தால் அது தொடர்ச்சிப் போர்க்காலப் படம். குளிர்காலப் போரில் அந்தப் பட்டை கிடையாது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்கள் ஃபின்லாந்துக்கு வந்தது 1943 மார்ச்சில். விண்ட் இருந்த 24-ஆம் படைப்பிரிவுக்கு அவை கிடைத்தது 1944 வசந்தத்தில். தொடர்ச்சிப் போரில் அதுவரை அவர்கள் பிரூஸ்டர் என்ற அமெரிக்கப் போர் விமானத்தைத்தான் ஓட்டினார்கள். ஆகவே 'விண்ட், தன் மெஸ்ஸர்ஷ்மிட்டுடன், 1942' என்று தலைப்பிட்டு விற்பவருக்கு இந்த விஷயமே தெரியாது என்று அர்த்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஃபின்லாந்து ராணுவத்தின் போர்க்காலப் படக் காப்பகமான எஸ்ஏ-குவா இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. சுமார் 1,60,000 படங்கள். மூலப் படம் கிடைத்தால் இடம், தேதி இரண்டும் கிடைத்துவிடும்.

விமானங்களில் நீல ஸ்வஸ்திகா இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். எரிக் வான் ரோசன் என்ற ஸ்வீடன் பிரபு 1918-இல் பரிசளித்த விமானத்தின் சின்னம் அது, நாஜிகளுக்கு முந்தியது. 1945-இல் அதை நீக்கி நீல வெள்ளை வட்டத்துக்கு மாறினார்கள். ஆனாலும் சில ஏலத் தளங்கள் இப்படிப்பட்ட படங்களை நீக்கிவிடும். அதற்குப் பயந்து சிலர் சின்னத்தை வெட்டிவிட்டு விற்பதும் உண்டு. வெட்டிய படத்தை வாங்காதீர்கள்.

படி 4: லூப் வைத்துப் பாருங்கள்

10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைகளில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். கையெழுத்துக் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்தால் அது அச்சு. படத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். பால்பாயின்ட் என்றால் தாளில் மெல்லிய பள்ளம் தெரியும். மார்க்கர் என்றால் மையின் பளபளப்பு தாளின் பளபளப்பிலிருந்து வேறுபடும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் கறுத்திருக்கும். இரண்டும் இல்லாமல் எல்லாம் ஒரே பளபளப்பாக இருந்தால், கையெழுத்து போட்ட படத்தைத் திரும்பப் படமெடுத்துப் பிரதி போட்டிருக்கிறார்கள்.

படி 5: விற்பவரிடம் கேளுங்கள்

பின்பக்கப் படம் கேளுங்கள். எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். விமானி அனுப்பிய கடிதமோ தபால் உறையோ கூடவே வந்தால், சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அழகாக அச்சடித்த 'உண்மைச் சான்றிதழ்' மட்டும் இருந்தால் நான் மதிப்பதில்லை. அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

படி 6: பத்திரமாக வையுங்கள்

அமிலமில்லாத அட்டை, பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்ட ஆசை என்றால் ஸ்கேன் செய்த பிரதியை மாட்டுங்கள், மார்க்கர் மை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். யாரிடம் வாங்கியது, என்ன விலை, என்ன பேனா என்ற குறிப்பைத் தனித் தாளில் எழுதி உறைக்குப் பின்னால் வையுங்கள், படத்தின் முதுகில் எழுதாதீர்கள்.