இரண்டு பேர், எட்டு டிராக்: பழைய சிந்தசைசர்களில் முதல் ஆல்பம் செய்வது எப்படி?

பிரான்சில் வெர்சாய் என்ற ஊர். அரண்மனைக்குப் பேர்போன அந்த ஊரிலிருந்து வந்த இரண்டு பேர், நிக்கோலா கோடானும் ழான்-பெனுவா டங்கெலும். முதலாமவர் கட்டடக்கலை படித்தவர், இரண்டாமவர் கணிதம். 'ஏர்' என்ற பெயரில் 1998 ஜனவரியில் இவர்கள் வெளியிட்ட முதல் முழு ஆல்பம்தான் 'மூன் சஃபாரி'. அதில் கேட்கும் மினிமூக், கோர்க் எம்எஸ்-20, சொலினா எல்லாமே 1970களின் சிந்தசைசர்கள், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கட்டைக் கருவிகள். அந்தச் சமயத்தில் கணினி, சாம்ப்ளர் (ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் கருவி) என்று உலகம் எங்கேயோ போய்விட்டது. இவர்கள் பழைய பெட்டிகளைத் தூசி தட்டி எடுத்து, பத்துப் பாட்டு செய்தார்கள்.

அதே மாதிரி ஒன்றை நீங்களும் நண்பரும் சேர்ந்து செய்ய நினைத்தால் எங்கே தொடங்குவது என்பதுதான் இந்தப் பதிவு. இசைக் கோட்பாடு தெரியாவிட்டால் பரவாயில்லை. மூன்று விரலில் ஒரு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: பணத்தை எடுக்காதீர்கள்

நிஜமான மினிமூக் இன்று சேகரிப்பாளர்களின் பொருள். 1970இல் வந்து 1981இல் உற்பத்தி நின்றுபோன கருவி அது. விலை கையைக் கடிக்காது, கையையே எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முதல் மூன்று மாதம் மென்பொருளில் பழகுங்கள். 'சர்ஜ் எக்ஸ்டி' இலவசம். யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரின் ஒலி வேண்டுமென்றால் 'டெக்ஸ்ட்' (Dexed) இருக்கிறது, அதுவும் இலவசம். பதிவு செய்ய 'ரீப்பர்' போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. மென்பொருளில் ஆயத்தமாக வரும் ஒலிகளைத் தொடாதீர்கள். வெற்று ஒலியிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்பது படி 3இல் புரியும்.

படி 2: வாங்குவதாக இருந்தால், முதலில் கரண்ட்

மென்பொருள் அலுத்துவிட்டது, கையில் தொட்டுத் திருக ஒன்று வேண்டும் என்று தோன்றினால் ரோலண்ட் ஜூனோ-106 மாதிரி ஒன்றைப் பாருங்கள். 1984இல் வந்தது. ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும், மிடி (கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் மொழி) உண்டு. முக்கியமான விஷயம், சுருதி நிலையாக நிற்கும். மினிமூக்கில் சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். அறை சூடானால் சுருதி நகரும். ஜூனோவில் அதைக் கட்டுப்படுத்துவது டிஜிட்டல் கடிகாரம், ஆகவே நகராது. பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் கோர்க் 2013இல் வெளியிட்ட எம்எஸ்-20 மினி நல்ல தேர்வு. 1978இன் பழைய எம்எஸ்-20இன் சுற்றையே சின்ன உடம்பில் அடைத்திருப்பார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன். நானும் நண்பனும் ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஜூனோவைப் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அவன் பிளக்கில் ஒரு அடாப்டரை மாட்டி நேரே சுவரில் செருகினான். 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசனை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பிளக் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது. பியூஸ் தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே கருவியின் முதுகைப் பாருங்கள். 100 வோல்ட் என்று போட்டிருந்தால் 230இலிருந்து 100க்கு இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடைக்காரர் 110 வோல்ட்டுக்கானதைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல. பத்து சதவீதம் அதிகம் போனால் நாற்பது வயதுப் பவர் சப்ளைக்குத் தேவையில்லாத சூடு.

வாங்கும் இடத்திலேயே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரே கட்டையை ஏழெட்டு முறை தட்டுங்கள். ஜூனோ ஒவ்வொரு தட்டுக்கும் தன் ஆறு குரல்களில் அடுத்ததைக் கொடுக்கும். அதில் ஒன்று மட்டும் கரகரத்தாலோ ஊமையாக இருந்தாலோ உள்ளே குரல் சிப் போய்விட்டது. ஜூனோ-106க்கு இது பிறவி நோய் மாதிரி. எல்லா ஸ்லைடரையும் மேலும் கீழும் இழுங்கள். கரகரப்பு வந்தால் கவலை இல்லை, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே பெரும்பாலும் சரிசெய்துவிடும். கருவியை நிறுத்திப் போட்டால் சேமித்த ஒலிகள் மறந்துபோகின்றனவா? உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கும். பவர் சப்ளைப் பகுதியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 3: மூன்றே மூன்று ஒலிகளைச் செய்யுங்கள்

எந்த அனலாக் சிந்தசைசராக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஆஸிலேட்டர் ஒரு முரட்டு ஒலியை எழுப்பும், ஃபில்டர் அதைச் செதுக்கும், என்வலப் அது எப்போது எழுந்து எப்போது அடங்க வேண்டும் என்று சொல்லும். சிற்பி கல்லிலிருந்து வேண்டாததை எடுப்பது போலத்தான் வேலை. சேர்ப்பதைவிடக் கழிப்பதே அதிகம்.

பேஸ்: ஆஸிலேட்டரில் ரம்பப்பல் அலையைத் தேர்ந்தெடுங்கள், மிகத் தாழ்ந்த ஆக்டேவில். ஃபில்டரின் கட்-ஆஃபை, அதாவது எதற்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது என்ற எல்லையை, முக்கால்வாசி மூடுங்கள். என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், டிகே (தணியும் நேரம்) சுமார் 300 மில்லி செகண்ட், சஸ்டெயின் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) பூஜ்யம். அந்த என்வலப்பை ஃபில்டருக்கும் கொஞ்சம் கொடுங்கள். ஒரு கட்டையைத் தட்டினால் 'தும்' என்று உருண்டையாக விழ வேண்டும். மினிமூக்கின் ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும். அதாவது கட்-ஆஃபுக்கு ஒரு ஆக்டேவ் மேலே இருக்கும் ஒலியின் வீச்சு பதினாறில் ஒரு பங்காகிவிடும். அந்த உருண்டைத்தனம் வருவது இதனால்தான்.

லீட் (மெட்டை வாசிக்கும் ஒலி): இரண்டு ஆஸிலேட்டரையும் ரம்பப்பல்லில் வைத்து, இரண்டாவதை மயிரிழை மட்டும் விலக்குங்கள். 440 ஹெர்ட்ஸும் 441 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒரு முறை ஒலி பெருகிச் சிறுக்கும். தம்புராவில் ஒரே சுருதியில் நிற்க வேண்டிய சாரணை, அனுசாரணைத் தந்திகள் சரியாகச் சேராதபோது காதில் ஓர் அலை ஆடுமே, அதுதான். தம்புராக்காரர் அதைத் தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நாம் அதை வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம். இதன்மேல் கொஞ்சம் போர்ட்டமெண்டோ கொடுத்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும்.

பேட் (பின்னணியில் விரியும் ஒலி): அட்டாக் ஒரு விநாடி, ரிலீஸ் (கட்டையை விட்டபின் அடங்கும் நேரம்) இரண்டு விநாடி, கட்-ஆஃப் பாதி. ஜூனோ இருந்தால் கோரஸ் பொத்தானை அழுத்துங்கள், ஒரு ஒலி பல ஒலி சேர்ந்தது போல் விரியும். அந்தப் பொத்தானுக்காகவே பலர் ஜூனோ வாங்குகிறார்கள். சொலினா இன்னும் எளிமையானது. ஆர்கன் மாதிரி எல்லாக் கட்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கும், அதன் அழகு முழுவதும் கடைசியில் வரும் என்சாம்பிள் சுற்றில்தான், அதுவும் கோரஸ் மாதிரிதான்.

இனி மிக முக்கியமான விஷயம். மினிமூக்கிலும் எம்எஸ்-20இலும் நினைவகம் கிடையாது. நீங்கள் செய்த ஒலியைச் சேமிக்க முடியாது. ஒரு திருகைத் தொட்டால் அந்த ஒலி போயே போய்விடும். முதலில் இது பெரிய குறையாகத் தெரியும். ஆல்பம் முடியும்போது, இதுதான் நம்மைக் காப்பாற்றியது என்பீர்கள். மென்பொருளில் ஆறாயிரம் ஒலிகளில் எது பொருத்தம் என்று தேடியே இரவு விடிந்துவிடும். இங்கே இருப்பது ஒன்றுதான், அது இப்போதுதான் இருக்கிறது, உடனே பதிவு செய்தாக வேண்டும். மறக்காமல் செல்போனில் பேனலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஒலி திரும்ப வராது, பக்கத்தில் வரும்.

படி 4: கருவிகளை இணைப்பது

மிடி வந்தது 1983இல். அதற்குப் பிந்தைய கருவி என்றால் ஒரு கேபிள் போதும், கணினி வாசிக்கும். அதற்கு முந்தையதென்றால் மின்னழுத்தத்தால் பேசும் மொழி. அதிலும் இரண்டு பேச்சு வழக்குகள். மூக்கும் ரோலண்டும் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ் என்று கணக்கு வைத்தன. எம்எஸ்-20 ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று வைத்தது. இரண்டையும் நேரே இணைத்தால் சுருதி கோணலாகிவிடும். மாற்றிப் பெட்டி கிடைக்கும், ஆனால் என் யோசனை வேறு: முதல் ஆல்பத்துக்குக் கையால் வாசியுங்கள். சற்றுத் தவறினால் தவறட்டும்.

படி 5: எட்டு டிராக்குக்கு மேல் கிடையாது

'மூன் சஃபாரி'யின் தந்தி வாத்தியப் பகுதிகளை இசையமைப்பாளர் டேவிட் விட்டேக்கர் அமைத்து லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். அதே கட்டடத்தில் 1967 வரைகூட பீட்டில்ஸ் நாலு டிராக் (தனித்தனியே பதிந்து ஒன்றாக ஒலிக்கும் தடம்) எந்திரத்தில்தான் வேலை செய்தார்கள். நமக்கு எட்டு. இரண்டு மடங்கு வசதி.

எங்கள் பங்கீடு இப்படி: டிரம் மெஷினுக்கு இரண்டு, பேஸ், பேட், எலெக்ட்ரிக் பியானோ, லீட், குரல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, எட்டாவது டிராக் 'என்னவோ' என்று பெயர். அதில் காற்றுச் சத்தம், ஃபில்டர் கூச்சல், ஒரு முறை பிரஷர் குக்கர் விசில்.

பதிவின் வரிசை: கருவியை அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், சூடாகட்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூனர் செயலியில் சுருதி பாருங்கள். ஆமாம், ஒவ்வொரு டேக்குக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) லைன் இன்புட்டில் செருகுங்கள், மைக் இன்புட்டில் அல்ல. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும். சிவப்பு விளக்கைத் தொட வேண்டியதில்லை. 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் சிந்த், கணினி, ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ஐசொலேஷன் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டி) ஒன்று. எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லி யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள்.

ஒருவர் கட்டையை வாசிக்க, மற்றவர் அதே நேரம் ஃபில்டரைத் திருக வேண்டும். இரண்டு பேர் குழுவின் பலமே இதுதான். ஒரே ஆளுக்கு இரண்டு கைதான், இங்கே நாலு கை. நண்பன் திருகும்போது நான் அவன் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

டிலே (எதிரொலி) வைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: 60,000ஐ வேகத்தால் வகுங்கள். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு நூறு தாளம்) என்றால் ஒரு தாளத்துக்கு 600 மில்லி செகண்ட். 450 வைத்தால் நடையோடு ஓடிப் பிடித்து விளையாடும்.

படி 6: குரல்

இருவருக்கும் பாட வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஏர் தங்கள் ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளுக்கு பெத் ஹிர்ஷ் என்ற பாடகியை அழைத்தார்கள். வேறு இடங்களில் வோக்கோடரில் பாடினார்கள். இது 1930களில் பெல் ஆய்வகத்தில் தொலைபேசிப் பேச்சைச் சுருக்குவதற்காக ஹோமர் டட்லி உருவாக்கிய கருவி. உங்கள் வாய் வடிவத்தைக் கொடுக்கும், சிந்த் குரலைக் கொடுக்கும்.

தமிழில் பாடிப் பார்த்ததில் கண்டது: நெடில் அழகாக நிற்கும், 'ஆ', 'ஓ' எல்லாம் கோயில் மணி மாதிரி. 'ச', 'ஸ' காணாமல் போகும். சிந்தின் ஒலியில் கொஞ்சம் இரைச்சல் கலந்தால் அவை திரும்பி வரும். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி உச்சரியுங்கள்.

படி 7: பத்துப் பாட்டை ஒரு ஆல்பமாக்குவது

இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிடம் வசதியாகப் பிடிக்கும். அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 44 நிமிடம், பக்கத்துக்கு ஐந்து. இருபது பாட்டு செய்து பத்தைத் தூக்கிப் போட்டால் இன்னும் நல்லது.

மிக்ஸிங்கில் பேஸையும் டிரம்மையும் நடுவில் வைத்து, பேடை இரண்டு பக்கமும் விரியுங்கள். எல்லா ஒலியும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் ஈக்யூவை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) தேடாதீர்கள். எழுந்து போய் ஃபில்டரை இன்னும் கொஞ்சம் மூடி மறுபடி வாசித்துப் பதிவு செய்யுங்கள். வெளியிடும் முன் கடைசியாகச் செய்யும் மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்கள் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) இறக்கித்தான் ஒலிக்கவிடும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்திவிடுங்கள்.

படி 8: வெளியிடும் முன் ஒரு தாள்

பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளத்தில் நேரடியாகப் போடலாம். மற்ற தளங்களுக்கு ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக, குறைந்தது நாலு வாரம் முன்னதாக அனுப்புங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய ஐஎஸ்ஆர்சி எண்ணை (பதிவின் அடையாள எண்) அவர்களே தருவார்கள். மூல வேவ் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

யார் எந்தப் பாட்டுக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு வெளிவருவதற்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினோம்: எல்லாம் பாதிப் பாதி, ஜூனோ அவன் வீட்டில், டிரான்ஸ்ஃபார்மர் என் வீட்டில்.