நெடுந்தீவுக்குப் போகும் முன் குளிர்ப்பை வாங்குகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு நாளை நெடுந்தீவுக்கென்று ஒதுக்குவதுண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தீவில் நிழல் குறைவு, நல்ல தண்ணீரும் குறைவு. கோட்டை, பெருக்குமரம், குதிரைகள் எல்லாம் பார்த்துவிட்டு இறங்குதுறைக்குத் திரும்புவதற்குள் பிள்ளைகள் வாடிப்போய்விடுவார்கள்.

குளிர் காக்க ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டி மலிவுதான். ஆனால் சோளகக் (தென்மேற்கு) காற்றில் ஆடும் படகில் அதைத் தூக்கிக்கொண்டு கால் வைத்துப் பாருங்கள். ஒரு கை பிள்ளைக்கு, மறு கை படகின் விளிம்புக்கு. பாரம் முதுகில்தான் இருக்க வேண்டும்.

முதுகில் மாட்டும் குளிர்ப்பை வாங்குங்கள், நான்கு பேருக்கு 20 லீற்றர் பை போதும். கடையில் 30 லீற்றர் பையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. மிச்சத்தை முதுகு சொல்லும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது உள் துணியின் மூட்டு. நூலால் தைத்த பையில் ஊசித் துளைகள் வழியே ஐஸ் தண்ணீர் கசிந்து சட்டையை நனைக்கும். வெப்பத்தால் ஒட்டிய மூட்டு உள்ளதை வாங்குங்கள். வாங்கியதும் இரண்டு கோப்பை தண்ணீர் ஊற்றி, மூடி, பழைய பத்திரிகைத் தாளின் மேல் சாய்த்து வையுங்கள். தாள் நனைந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். நெஞ்சுப் பட்டி இருந்தால் நல்லது. நிறம் வெளிறியதாக இருக்கட்டும். பக்கத்துப் பைகள், போத்தல் திறப்பான் எல்லாம் விலையேற்றும் அலங்காரம். ஊருக்கு வரும்போது உள்ளே உடுப்பை அடைத்துக்கொண்டால் பயணப்பெட்டியில் இடம் வீணாகாது.

ஐஸ் தேடி அலையத் தேவையில்லை. முதல் நாள் இரவே தண்ணீர்ப் போத்தல்களை உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் அளவுக்குப் பருக்கும், ஆகவே கழுத்துவரை நிரப்பாதீர்கள். குளிர்காற்று கீழிறங்கும் என்பதால் உறைந்த போத்தல்கள் மேலே, பழங்களும் மென்பானமும் கீழே. உருக உருகக் குடிக்கலாம். மீனுக்குப் போடும் ஐஸ் கிடைத்தாலும் குடிக்கும் பானத்தில் போடாதீர்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும் காலமென்றால் அதையும் முதல் இரவே குளிரவைத்து எடுத்துப் போங்கள், வெட்டாமல் முழுதாக. சாப்பாட்டுக்குப் பாணும் வாழைப்பழமும் போதும். தேங்காய்ச் சம்பல்தான் முதலில் பழுதாகும். கோழிக்கறியை வீட்டில் வந்து சாப்பிடலாம்.

அம்மா, அப்பாவின் இன்சுலினையும் இதே பையில் வைப்பதாக இருந்தால் கவனம். திறக்காத இன்சுலினுக்கு உரிய குளிர் 2 முதல் 8 பாகை செல்சியஸ். உறைந்துவிட்டால் வீசவேண்டியதுதான். துவாயில் சுற்றி, ஐஸைத் தொடாதபடி வையுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும், கீழே போகும் பெட்டியில் அல்ல.

நயினாதீவு மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். படகுப் பயணம் சிறியது, அம்மன் கோயிலில் அன்னதானமும் உண்டு. ஒரு தண்ணீர்ப் போத்தல் போதும்.