பங்காளியா என்று டிஎன்ஏவிடம் கேட்கும்போது செய்யும் தவறுகள்

சிங்கப்பூர் தோ பாயோவில் பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து: "மூத்தவர் ஈப்போவில் தங்கினார். இளையவர் சிங்கப்பூர் வந்தார்." நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய அண்ணன் தம்பி கதை அது. மலேசியாவில் இருக்கும் ஈப்போக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஒரே குலதெய்வம். ஆனால் உண்மையிலேயே பங்காளிகளா, ஒரே ஊர்க்காரர்கள் மட்டும்தானா என்பது வீட்டில் தீராத பேச்சு. டிஎன்ஏ சோதனை அதைத் தீர்த்துவிடும் என்று நினைத்தேன்.

நான் செய்த முதல் தவறு, என் மாதிரியை மட்டும் அனுப்பியது. "ஹாப்லோகுழு எச்" என்று பதில் வந்தது. ஹாப்லோகுழு என்றால் ஒரே தந்தைவழி மூதாதையிலிருந்து பிரிந்த பெருங்கிளை. அது பல்லாயிரம் ஆண்டுகள் பழையது. தென்னிந்தியாவில் எத்தனையோ சாதிகளில், ஊர்களில் பரவிக் கிடக்கிறது. எங்கள் கேள்விக்கு அதில் பதிலே இல்லை. இந்தச் சோதனை பார்ப்பது ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமை. அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் போகிறது. அதனால் இரண்டு ஆண்களை ஒப்பிட்டால்தான் அது பேசும். அதுவும் கேள்விக்குரிய இரண்டு கிளைகளிலிருந்து ஆளுக்கொருவர் வேண்டும். என் மாதிரியையும் பெரியப்பா மகனுடையதையும் ஒப்பிட்டால் எங்கள் தாத்தாவரைக்கும்தான் தெரியும்.

ஆளைத் தேர்வு செய்வதிலும் பலர் தடுமாறுகிறார்கள். தாய்மாமன் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அவருடைய ஒய் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வழி. பெண்களுக்கு ஒய் கிடையாது என்பதால் அப்பா, உடன்பிறந்த சகோதரன், சித்தப்பா மகன் என்று யாராவது கொடுக்க வேண்டும். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று நாம் சின்ன வயதிலிருந்தே பிரித்துப் பழகிய கோடுதான் இது.

மலிவாக இருக்கிறதே என்று 12 மார்க்கர் (ஒய்யில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்) சோதனையோடு நிற்காதீர்கள். பன்னிரண்டும் பொருந்தினாலும் பொது மூதாதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இருந்திருக்கலாம். குறைந்தது 37, முடிந்தால் 111. எல்லாப் பக்க உறவையும் காட்டும் பொதுச் சோதனையும் இதற்கு ஈடாகாது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக முறைக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்களில் அது தூரத்து உறவையும் நெருக்கமாகக் காட்டிவிடும்.

ஈப்போ அண்ணன் சம்மதித்தார். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினார். 37-ல் 35 பொருந்தியது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஆனால் அதை வைத்து "அண்ணன் தம்பிதான்" என்று முடிவு கட்டுவதும் தவறு. தந்தைவழியில் அதிகம் பழையதல்லாத பொது மூதாதை ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். அவர் கப்பலேறிய அந்த இருவரின் அப்பாவா, இரண்டு தலைமுறை முந்தியவரா என்று 37 மார்க்கர் சொல்லாது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவர்தான் அப்பாவா என்பது கேள்வி. அவருக்கு மனைவிவழியில் ஆண்வாரிசு நிலைக்கவில்லை. அதனால் 1998-ல் அவருடைய பெரியப்பா வழிவந்த ஐந்து பேரைச் சோதித்தார்கள். சாலி ஹெமிங்ஸின் கடைசி மகன் வழியில் வந்தவரோடு அது பொருந்தியது. தலைமுறைகளாக ஜெஃபர்சன் வழி என்று சொல்லிவந்த உட்சன் குடும்பத்தோடு பொருந்தவில்லை. ஆனாலும் அந்த ஒய் ஜெஃபர்சனின் தம்பிக்கும் தம்பி மகன்களுக்கும் உண்டே! ஒவ்வொரு பிள்ளையும் கருவான காலத்தில் ஜெஃபர்சன் வீட்டிலிருந்தாரா என்று பதிவுகளைப் பார்த்துத்தான் வரலாற்றாய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். சோதனையும் காகிதமும் சேர்ந்தே பேசும்.

"நாங்கள் சோழர் வழி" என்பவர்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சோழ மன்னர் எவருடைய டிஎன்ஏவும் நம்மிடம் இல்லை. இனிஷியல் வைக்கும் நமக்குக் குடும்பப்பெயரை வைத்துப் பொருத்தம் தேடுவதும் கைகொடுக்காது.

பொருந்தாமல் போனால்? இங்கேதான் மனசு அதிகம் புண்படுகிறது. எனக்கு இதுதான் முக்கியம். உடனே ஒரு பாட்டியின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் போன எத்தனையோ தமிழர்கள் திரும்பவில்லை. பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் வளர்த்தார்கள், விதவைகள் மறுமணம் செய்தார்கள், சீனக் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்தன. அடையாள அட்டையில் இருக்கும் அப்பா பெயர் வளர்த்தவருடையதாக இருக்கலாம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012-ல் கிடைத்தபோது, அவருடைய தந்தைவழி என்று கருதப்பட்டவர்களோடுகூட ஒய் பொருந்தவில்லை. நூற்றாண்டுகளில் எங்கேயோ கண்ணி அறுந்திருக்கிறது.

ஆகவே குச்சியைக் கையில் எடுக்கும் முன்பே மூத்தவர்களிடம் கேளுங்கள். ஒருவர் கொடுத்தால் பங்காளிகள் அத்தனை பேரின் ஒய்யும் வெளியே தெரிந்துவிடும். 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்ததை மறக்க வேண்டாம். எங்கள் பெரியப்பா இரண்டு நாள் யோசித்து, "முடிவு எப்படி வந்தாலும் ஈப்போவுக்குக் கல்யாணப் பத்திரிகை போகும்" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது மாதிரியை அனுப்பினோம்.

இப்போது மூன்றாவதாக ஓர் ஆள் தேவை. ஊரிலேயே தங்கிவிட்ட கிளையில் ஒரு சித்தப்பா இருக்கிறார். அவரும் ஈப்போ அண்ணனும் நானும் 111 மார்க்கர் எடுத்தால் எந்தக் கிளை எதற்கு நெருக்கம் என்று ஓரளவு பிடிபடும். அவருடைய சம்மதத்தைப் பெரியப்பாதான் கேட்க வேண்டும்.