கருவின் செல்களைச் சேர்த்துவைப்பது பசை அல்ல: விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

சேலத்தில் பல வருடங்களாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கருவளர்ச்சிப் பாடத்தில் செல்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலான விடைத்தாள்களில் முதல் வரி ஒன்றுதான்: "புரதங்கள் பசை போலச் செயல்பட்டுச் செல்களை ஒட்டுகின்றன." முன்பெல்லாம் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இப்போது பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறேன். மற்ற தவறுகள் எல்லாம் அந்தப் "பசை" என்ற சொல்லிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஜவ்வரிசிக்குப் பேர்போன எங்கள் சேலத்தில் பசை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மரவள்ளி மாவைக் காய்ச்சித் தடவினால் காகிதமும் ஒட்டும், சுவரும் ஒட்டும், விரலும் ஒட்டும். அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. காய்ந்துவிட்டால் விடவும் தெரியாது. கருவில் செல்லோடு செல்லைப் பிடித்துவைக்கிற கேட்ஹெரின் என்ற புரதத்துக்கு இந்த இரண்டும் தெரியும். 1955-ல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்ற இருவர் தவளை, சாலமாண்டர் வகைக் கருக்களின் செல்களைக் கார நீரில் பிரித்து, ஒன்றாகக் கலந்துவிட்டுப் பார்த்தார்கள். செல்கள் கண்டபடி ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை. தோலாக வேண்டியவை வெளிப்பக்கம் போயின, நரம்பாக வேண்டியவை உள்ளே போயின. பசையால் இது நடக்குமா?

இதைப் படித்ததும் பிள்ளைகள் அடுத்த தவறுக்குப் போவார்கள்: "ஒரே வகை கேட்ஹெரின் உள்ள செல்கள் மட்டும் சேரும்." பாதி சரி. வகை மட்டும் கணக்கில்லை, அளவும் கணக்கு. ஒரே கேட்ஹெரினைக் கூடுதலாக வைத்திருக்கும் செல்களையும் குறைவாக வைத்திருக்கும் செல்களையும் கலந்தால், கூடுதலாக உள்ளவை நடுவில் திரளும், மற்றவை அவற்றைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். விடையில் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

படம் வரைவதில் வரும் தவறைப் புரியவைக்க எனக்கு ஒரு கொலுசு உதவியது. சிவதாபுரம் பக்கம் பல வீடுகளில் வெள்ளி வேலை நடக்கும். ஒரு மாணவி வீட்டில் வேலை முடியாத கொலுசு ஒன்றை எடுத்துவந்திருந்தாள். கொக்கியை வளையத்தில் மாட்டி இழுக்கச் சொன்னேன். கொக்கி வளையத்தை விடவே இல்லை. ஆனால் சங்கிலியிலிருந்து கொக்கி கழன்று வந்துவிட்டது. இன்னும் பற்றவைக்கவில்லை, அதனால்தான். பிள்ளைகள் வரைகிற செல்களும் அப்படித்தான் இருக்கின்றன. இரண்டு செல்லுக்கு நடுவே கேட்ஹெரின் கைகோத்து நிற்கும், செல்லுக்குள்ளே ஒன்றுமே இருக்காது. கேட்ஹெரினின் வால் செல்லுக்குள் நீண்டு, கேட்டனின் என்ற புரதங்கள் வழியாக, செல்லுக்கு உள்சட்டம் போல இருக்கும் ஆக்டின் இழைகளோடு இணைந்திருக்கிறது. அந்த வாலை நீக்கினால், வெளிப்பகுதி முழுசாக இருந்தும் பிடி நிற்காது. ஆகவே உள்ளே இருக்கும் இழைகளையும் வரையுங்கள்.

அப்புறம் கால்சியம். "கால்சியம்தான் செல்களை ஒட்டுகிறது" என்று எழுதுவது மிகவும் பரவலான தவறு. ஜப்பானிய உயிரியலாளர் மசடோஷி டகேயிச்சி 1970-களில் கவனித்தது இது: செல்களைப் பிரிக்க, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினைப் போடும்போது கால்சியமும் இருந்தால், பிரித்த செல்கள் மறுபடி சேர்ந்துகொள்ளும். கால்சியத்தை எடுத்துவிட்டு டிரிப்சின் போட்டால், சேர்கிற அந்தத் திறமையே போய்விடும். கால்சியம் இல்லாதபோது ஏதோ ஒரு புரதம் வெட்டுப்படுகிறது என்று பொருள். அந்தப் புரதத்துக்குத்தான் 1984-ல் கேட்ஹெரின் என்று பெயர் வந்தது. செல்லுக்கு வெளியே அது ஐந்து துண்டுகளாக இருக்கும். துண்டுகளுக்கு இடையே நான்கு மூட்டு, மூட்டுக்கு மூன்று கால்சியம் அயனி, ஆக மொத்தம் 12. கால்சியம் இருந்தால் அந்தக் கை விறைப்பாக நீண்டு நிற்கும். இல்லாவிட்டால் தொய்ந்துபோகும். பிடிப்பது புரதம், கால்சியம் அதை நிமிர்த்தி வைக்கிறது.

"அப்படியானால் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் கரு நன்றாக ஒட்டுமா சார்?" என்று கேட்பார்கள். வீட்டில் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால் கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் பதில் "இல்லை" என்பதுதான். இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடலே குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது. கருவின் செல்கள் முதன்முதலாக இறுகிச் சேர்வது கருத்தரித்த மூன்றாம், நான்காம் நாளில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரை தருவதோ நான்காவது மாதத்திலிருந்து. அது வேறு காரணங்களுக்காக: குழந்தையின் எலும்புக்காக, தாயின் இரத்த அழுத்தத்துக்காக. மருத்துவர் கொடுத்திருந்தால் விடாமல் சாப்பிடட்டும்.

இந்தக் கேள்விக்குள் தமிழில் வருகிற இன்னொரு குழப்பமும் இருக்கிறது. "கரு ஒட்டலையாம்" என்று வீடுகளில் பேசுவது, கரு கருப்பைச் சுவரில் பதியாததைப் பற்றி. அது நடப்பது ஆறு, ஏழு நாளுக்குப் பிறகு. செல்லோடு செல் சேர்வது வேறு கதை. அதனால் நான் ஒன்றைப் "பதிதல்" என்றும் மற்றதை "ஒட்டுதல்" என்றும்தான் சொல்வேன். நீங்களும் பிரித்தே எழுதுங்கள்.

இன்டெக்ரின் என்ற இன்னொரு பிடிப்புப் புரதத்தையும் கேட்ஹெரினையும் மாற்றி எழுதுகிறவர்கள் ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியை நினைத்துக்கொள்ளலாம். கணுவுக்குக் கணு சின்ன வேர் விட்டு மரப்பட்டையைப் பிடித்திருக்கும். பிடித்திருப்பது பக்கத்துக் கொடியை அல்ல, ஏறுகிற தளத்தை. இன்டெக்ரின் அப்படித்தான் செல்லைச் சுற்றியுள்ள ஃபைப்ரோநெக்டின், லாமினின் போன்ற புரதங்களால் ஆன தளத்தைப் பிடிக்கிறது.

எல்லாவற்றையும் கேட்ஹெரின் தலையில் கட்டுவதும் தவறுதான். எலிக் கருவில் எட்டு செல் நிலையில் உருண்டையான செல்கள் நெருங்கி, எல்லைக்கோடு மறைந்து ஒரே பந்து போல ஆகும். கால்சியத்தை நீக்கினால் மறுபடி உருண்டைகளாகப் பிரிந்து நிற்கும். அதனால் இதை ஒட்டுதலின் வேலை என்றே நாங்களும் படித்தோம். 2015-ல் வந்த அளவீடுகளின்படி, செல்களின் வெளிப்பரப்பு இழுத்துச் சுருங்கும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாவதுதான் இந்த நெருக்கத்துக்கு முக்கியக் காரணம். பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டினால் ஒட்டியதுதான் என்று நினைப்பவர்களுக்கு நான் பேசிப் புரியவைப்பதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் 33 மணி நேரக் கோழிக்கரு ஸ்லைடு இருக்கும், அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிடுவேன். தலைப்பக்கம் நரம்புக்குழல் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது) மூடியிருக்கும். வால்பக்கம் மடிப்புகள் இன்னும் விரிந்தே கிடக்கும். மடிந்து மூடும்போது அந்தச் செல்கள் தோல் வகையான ஈ-கேட்ஹெரினை விட்டுவிட்டு நரம்பு வகையான என்-கேட்ஹெரினுக்கு மாறுகின்றன, அதனால் மேலே இருக்கும் தோலிலிருந்து குழல் பிரிந்து உள்ளே இறங்குகிறது. மூடிய விளிம்பில் இருக்கும் நரம்பு முகட்டுச் செல்கள் அக்கம்பக்கத்துப் பிடியைத் தளர்த்திக்கொண்டு நகரத் தொடங்குகின்றன. தோலுக்கு நிறம் தரும் செல்களும், முகத்து எலும்பும், உணர்வு நரம்புகளும் அவற்றிலிருந்து வருகின்றன.