எக்ஸென்ட்ரிக்கா, எர்ராடிக்கா? குழம்பாமல் எழுத ஒரு வழி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக முகப்பில் ஓர் அட்டை எழுதி மாட்டினேன். அதில் எங்கள் ஐயாவை ஆங்கிலத்தில் 'எர்ராடிக்' (erratic) ஆன மனிதர் என்று போட்டுவிட்டேன். வேலைக்கு ஆள் இருந்தும் தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தேங்காய் எண்ணெய்த் துணியோடு தானே மண்டியிட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லைத் துடைத்தவர் அவர், ஒருநாள் தவறியதில்லை. அட்டையை வாசித்த ஓர் அம்மா, "எந்த நாள் எப்படி இருப்பார் என்றே தெரியாதோ?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

இந்த மாதிரி ஆங்கிலச் சொற்களின் அர்த்தத்தை உருப்போடாதீர்கள், சொல் பிறந்த இடத்தைப் படமாக மனதில் வையுங்கள். எக்ஸென்ட்ரிக் (eccentric) என்றால் கிரேக்கத்தில் 'மையத்துக்கு வெளியே'. பழைய வானவியலில், பூமியை நடுவில் வைக்காத வட்டத்துக்கு அந்தப் பெயர். சுற்று ஒழுங்காகத்தான் இருக்கும், நடுப்புள்ளிதான் வேறு. ஐயா இந்த ரகம். எர்ராடிக் லத்தீன் வழி, 'அலைவது'. எரர் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். அதை எங்கள் ஊர் வோல்டேஜுக்கு எழுதுங்கள், பொருந்தும்.

நிமிஷத்துக்கொரு புத்தி என்றால் கேப்ரிஷியஸ். இத்தாலிய மொழியில் முள்ளெலித் தலை, அதாவது மயிர் சிலிர்த்த தலை என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள், அப்புறம் ஆட்டின் துள்ளலும் அதில் ஒட்டிக்கொண்டது. மெர்க்யூரியலில் கொஞ்சம் பாராட்டும் உண்டு, கூர்மையான ஆள் ஆனால் மனநிலை சட்டென்று மாறும். இந்தச் சொல்லுக்குப் பெயர் தந்த மெர்க்குரி ரோமானியர்களின் வணிகக் கடவுள், பர்மாவில் கடை போட்ட நம் ஆட்களுக்குத் தோதான சாமிதான்!

மேவரிக் மட்டும் ஓர் ஆளின் பெயர். டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் (1803–1870) என்ற வக்கீல் தன் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடவில்லை, குறியில்லாத மாடெல்லாம் மேவரிக் ஆனது, பிறகு எந்தக் கூட்டத்திலும் சேராத மனிதரும். சிராவயல் மஞ்சுவிரட்டில் வயலில் தனியே அவிழ்த்துவிட்ட மாட்டை நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆட் (odd) என்பது பழைய நோர்ஸ் மொழியில் முக்கோணத்தின் முனை. ஜோடி போக மிஞ்சிய மூன்றாவது, அதனால் ஒற்றைப்படை, அதனால் விசித்திரம். 101, 501 என்று மொய் எழுதுகிற நமக்கு இது ஒட்டவே ஒட்டாது. லூனடிக் வேண்டாம், நிலவால் சித்தம் கலங்கும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்தது, இன்று வெறும் வசவு.

சரி, அட்டையை மாற்றிவிட்டேன். புதுசில் என்ன இருக்கிறது என்று அப்பத்தா கேட்டார், சொன்னேன். "அப்போ கிறுக்குன்னு இல்லையே?" என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்.