முதல் தடவை ஆர்வி எடுத்து டெத் வேலிக்கு: படிப்படியான செய்முறை

டெத் வேலி தேசியப் பூங்கா கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி இருக்கிறது. ஏறக்குறைய 13,700 சதுர கிலோமீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான். உள்ளே ஹோட்டல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, வாடகையும் அதிகம். அதனால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் கூடவே வரும் ஆர்வி இங்கே ரொம்பப் பொருத்தமான வண்டி.

ஆனால் முதல் தடவை எடுப்பவர்களில் பலர், ஆர்வி என்றால் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பூங்காவில் அது ஓட்டுவதற்கு இருப்பதைவிட நிறுத்திவைப்பதற்குத்தான் அதிகம் உதவும். எந்த மாதம், எத்தனை அடி வண்டி, எங்கே நிறுத்துவது, எவ்வளவு தண்ணீர் என்பதை எல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். டிசம்பரில், பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் பகுதியில் பகல் வெப்பம் 18 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், இரவில் 4 டிகிரிக்கு இறங்கும். மார்ச்சில் பகலில் 28 வரை போகும், காட்டுப் பூக்களுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் வசந்தத்தில் காற்று பலமாக அடிக்கும்.

கோடை வேண்டவே வேண்டாம். ஜூலையில் சராசரி உச்ச வெப்பமே 47 டிகிரி. உலகத்தில் பதிவான மிக அதிகக் காற்று வெப்பநிலை, 56.7 டிகிரி, 1913 ஜூலை 10 அன்று இதே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவானதுதான். பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, இருபுறமும் உயரமான மலைகள். சூடான காற்று மேலே போனாலும் வெளியேற முடியாமல் மறுபடி கீழே இறங்கி இன்னும் சூடாகிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் வழியிலுள்ள மலைத்தொடர்களிலேயே மழையைக் கொட்டிவிடுவதால், இங்கே வருடத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் மழைதான்.

அந்த மழையும் சில சமயம் ஒரே நாளில் வந்துவிடும். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரு வருடத்து மழையைக் கொட்டியதில் சாலைகள் அடித்துப்போய், அக்டோபர் நடுப்பகுதி வரை பூங்காவையே மூடிவைத்தார்கள். அதனால் கிளம்பும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

படி 2: 25 அடிக்கு மேல் வண்டி எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இந்த எண்ணை வையுங்கள். டெத் வேலியின் அழகான சாலைகள் சிலவற்றில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ், டான்டேஸ் வியூ போகும் கடைசி ஏற்றம், எமிக்ரன்ட் கேன்யன் சாலை எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. பெரிய பஸ் மாதிரியான கிளாஸ் ஏ வண்டியில் வந்தால் இவற்றை எல்லாம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பின்னால் ஒரு காரை இழுத்து வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் அது முதல் பயணத்துக்கான வேலை இல்லை.

டிரைவர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த கிளாஸ் சி வண்டியில் 22 முதல் 25 அடி உள்ளதை எடுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்குத் தாராளம். வாடகைக் கடையில் "25 அடி மாடல்" என்று சொன்னால் அதோடு விடாமல், முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை சரியான நீளம் என்ன என்று கேளுங்கள். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டினால் அதுவும் கணக்கில் சேரும். இந்த அளவு வண்டியை ஓட்டக் கலிஃபோர்னியாவின் சாதாரணக் கார் லைசென்ஸே போதும்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைத் தேடிப் படியுங்கள். பல வாடகை நிறுவனங்கள் கோடையில் டெத் வேலிக்குள் போவதையே தடை செய்கின்றன. தார் போடாத சாலைக்கும் அனேகமாக எல்லாருமே தடை போடுகிறார்கள். மீறிப் போய் வண்டி நின்றுவிட்டால், இழுத்து வரும் செலவு முழுக்க உங்கள் தலையில்.

படி 3: நிறுத்தும் இடத்தைப் பிடியுங்கள்

முதல் தடவைக்கு ஃபர்னஸ் கிரீக் கேம்ப்கிரவுண்ட்தான் என் தேர்வு. கடல்மட்டத்துக்கு சுமார் 60 மீட்டர் கீழே, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில், மளிகைக் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் இணைக்கும் ஹூக்கப் வசதி 18 இடங்களில் மட்டும் உண்டு. குளிர்காலத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பதிவு திறக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை வேண்டுமானால் ஜூன் மாதமே அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூக்கப் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். எதிரே குளிர்காலத்தில் மட்டும் திறக்கும் சன்செட் கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. பார்க்க வெறும் ஜல்லி போட்ட பார்க்கிங் மைதானம்தான், நிழலும் இல்லை. ஆனால் இடம் ஏராளம். டெக்சாஸ் ஸ்பிரிங்ஸ் மேட்டில் காட்சி அருமை, ஆனால் அங்கே ஜெனரேட்டர் போடவே கூடாது. ஸ்டவ்பைப் வெல்ஸில் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு மைதானம். சாலையோரத்தில் ஒதுக்கிப் போட்டுத் தூங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அதற்கு அனுமதி கிடையாது.

படி 4: மூன்று டேங்குகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆர்வியில் மூன்று டேங்க் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர். இன்னொன்று கிரே, அதாவது சிங்க்கிலும் ஷவரிலும் போகும் தண்ணீர். மூன்றாவது பிளாக், கழிவறையினுடையது. 25 அடி வண்டியில் நல்ல தண்ணீர் டேங்க் சுமார் 40 காலன் பிடிக்கும், மற்றவை அதைவிடக் கொஞ்சம் சிறியவை. உங்கள் வண்டியின் சரியான அளவை எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சமையலுக்கு முதலில் நிரம்புவது கிரே டேங்க்தான். அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், சாம்பார்ப் பாத்திரம், எண்ணெய்ச் சட்டி என்று எல்லாம் அதற்குள்தான் போகிறது. பாத்திரத்தை முதலில் டிஷ்யூ பேப்பரால் நன்றாகத் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள், பாதித் தண்ணீர் மிச்சமாகும். ஷவரில் உடம்பை நனைத்து, தண்ணீரை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள்.

குடிக்கும் தண்ணீரை டேங்க் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தனியாகக் கேன்களில் வைத்திருங்கள். குளிர்காலத்திலும் இதே கணக்குதான். காற்று அவ்வளவு வறண்டது, வியர்ப்பதே தெரியாமல் உடம்பில் நீர் குறையும்.

பிளாக் டேங்குக்கு ஆர்விக்கென்று விற்கும், எளிதில் கரையும் டாய்லெட் பேப்பர் மட்டும். ஈரத் துடைப்பான்கள் கூடவே கூடாது.

படி 5: சமையலும் மின்சாரமும்

ஹூக்கப் இல்லாத இடத்தில் அடுப்பும் ஹீட்டரும் புரோபேன் வாயுவில் ஓடும், விளக்கும் தண்ணீர் மோட்டாரும் பேட்டரியில் ஓடும். மைக்ரோவேவ், கூரை ஏசி, மிக்ஸி, மின்சாரக் குக்கர் இவற்றுக்கெல்லாம் ஜெனரேட்டர் வேண்டும். ஃபர்னஸ் கிரீக்கில் ஜெனரேட்டருக்கு அனுமதி காலை 7 முதல் மாலை 7 வரைதான். ராத்திரி தோசைக்குச் சட்னி அரைக்க வேண்டுமானால் ஆறரைக்கே அரைத்து வைத்துவிடுங்கள்!

ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டு, விசில் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். புரோபேனும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். மாவு புளித்ததாகவே கொண்டு போங்கள், டிசம்பர் இரவுக் குளிரில் அது அங்கே பொங்காது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு இருந்தால் இரண்டு வேளைக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். உள்ளே உள்ள கடைகளில் ரொட்டியும் பாலும் கிடைக்கும், கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் தேடாதீர்கள்.

படி 6: சுலபமான வழியில் நுழையுங்கள்

வரைபடத்தில் மேற்கிலிருந்து, லோன் பைன் வழியாக 190-ம் நெடுஞ்சாலையில் வருவது நேர்வழி மாதிரி தெரியும். அதில் பனமின்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி 1,511 மீட்டர் உயர டவுன் பாஸ் ஏறி, அங்கிருந்து கிட்டத்தட்டக் கடல்மட்டம் வரை இறங்க வேண்டும். சரிவு சில இடங்களில் 9 சதவீதம். ஆர்வி புதிது என்றால் இந்த வழி வேண்டாம் என்பேன். லாஸ் வேகஸிலோ பாரம்ப் என்ற ஊரிலோ இருந்து டெத் வேலி ஜங்ஷன் வழியாக வந்தால் ஏற்றமும் இறக்கமும் மென்மை. லாஸ் வேகஸிலிருந்து சுமார் 120 மைல்தான். அங்கேயே வண்டியை வாடகைக்கு எடுத்தால் இன்னும் நல்லது.

பாரம்பில் பெரிய கடைகள் உண்டு. பெட்ரோல், புரோபேன், குடிதண்ணீர் மூன்றையும் அங்கே முழுதாக நிரப்புங்கள். இந்த வண்டிகள் ஒரு காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் பெட்ரோல் கிடைக்கும், விலையைப் பார்த்தால் மனசு வலிக்கும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள், சூடேறிப் பிடிப்பு போய்விடும். டோ ஹால் பொத்தானை அழுத்தி, தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு, அவ்வப்போது மட்டும் அழுத்தமாகத் தொட்டால் போதும்.

பாரம்பைத் தாண்டினால் போன் சிக்னல் பெரும்பாலும் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். ஜிபிஎஸ் காட்டும் குறுக்குவழி தார்ச்சாலையாக இல்லாவிட்டால் திரும்பிவிடுங்கள். நுழைவாயிலில் கட்டணச் சாவடி கிடையாது. வண்டிக்கு ஏழு நாளுக்கு 30 டாலர், இயந்திரத்திலோ பார்வையாளர் மையத்திலோ கார்டில் கட்ட வேண்டும்.

படி 7: வெளிச்சத்தில் நிறுத்துங்கள்

மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் இறங்கி, கண்ணாடியில் தெரியும்படி நின்று வழி சொல்ல வேண்டும். பின்சக்கரத்துக்குப் பிறகு வண்டி நீளமாக நீண்டிருப்பதால், திருப்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும், பக்கத்து மேசையைத் தட்டிவிடும். சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகள் வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். புரோபேனில் ஓடும் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. வெளிக்கூடாரத் துணியை, அதாவது ஆனிங்கை, விரித்துவிட்டு நடைக்குப் போகாதீர்கள். திடீர்க் காற்று ஒன்று போதும், அதைப் பிய்த்துக் கூரைமேல் போட்டுவிடும்.

படி 8: நாளுக்கு ஒரு பக்கமாகப் பார்த்து முடித்துவிடுங்கள்

ஒரு நாள் தெற்குப் பக்கம். விடிவதற்கு முன் ஸாப்ரிஸ்கி பாயின்ட், சின்ன ஏற்றம், நல்ல தார்ப்பாதை. மஞ்சள் களிமண் மடிப்புகள்மேல் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 17 மைல் தெற்கே உள்ள பேட்வாட்டர் போங்கள். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம். உப்பு வெளியில் கால்மணி நேரம் உள்ளே நடந்தால்தான் கூட்டம் குறைந்து அறுகோணப் படிவங்கள் தெளிவாகத் தெரியும். பார்க்கிங் பக்கத்துப் பாறைச் சுவரை அண்ணாந்து பாருங்கள், கடல்மட்டம் எது என்று உயரத்தில் பலகை வைத்திருப்பார்கள்.

திரும்பும்போது ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ். அது தெற்கிலிருந்து வடக்காக ஒருவழிச் சாலை, அதனால்தான் பேட்வாட்டரை முதலில் முடிக்கச் சொன்னேன். எரிமலைச் சாம்பலில் உள்ள இரும்பும் மற்ற உலோகங்களும் வேதிமாற்றம் அடைந்து மலை முழுக்கப் பச்சை, ரோஜா, ஊதா என்று நிறம் காட்டும். பின்மதிய வெயிலில் போனால் நிறம் தூக்கலாக இருக்கும்.

இன்னொரு நாள் வடக்கு. ஹார்மனி போராக்ஸ் ஆலையில் 1880-களில் போராக்ஸ், அதாவது வெண்காரம், ஏற்றிப்போன பெரிய மர வண்டிகள் நிற்கின்றன, பதினெட்டு கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டி 165 மைல் இழுத்தார்களாம். அப்புறம் மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகள், குழந்தைகள் அங்கேயே பாதி நாளைக் கழித்துவிடுவார்கள். நேரம் இருந்தால் யுபிஹீபி எரிமலைக் குழி வரை தார்ச்சாலை உண்டு. அதற்கு அப்பால், கற்கள் தாமாகவே நகர்ந்ததுபோல் தடம் பதித்திருக்கும் ரேஸ்டிராக் பிளாயா என்ற வறண்ட ஏரித்தரை. 27 மைல் கூர்க்கற்கள் நிறைந்த மண்சாலை, ஆர்விக்கு வழியே இல்லை. ஆசை விடவில்லை என்றால் ஃபர்னஸ் கிரீக்கில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கும்.

ராத்திரி விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்காருங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்காக மற்றவர்கள் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், சிவப்பு விளக்கு இருந்தால் நல்லது.

படி 9: டம்ப் செய்துவிட்டுக் கிளம்புங்கள்

கடைசி நாள் காலையில் டம்ப் ஸ்டேஷனில், அதாவது கழிவு டேங்குகளைக் காலி செய்யும் இடத்தில், வரிசை நிற்கும், எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். கையுறை போட்டு, குழாயை இரு முனையிலும் இறுக்கி, முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். அது முழுதாக வடிந்த பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். அங்கேயே கழுவுவதற்கென்று ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும், அதிலிருந்து நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பாதீர்கள். குடிநீர் என்று எழுதிய குழாயில் தனி ஹோஸ் போட்டுப் பிடியுங்கள்.

வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஆனிங், ஏணிப்படி, புரோபேன் வால்வு, அலமாரிக் கதவுகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவின் கொக்கியையும் இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கள், முதல் வளைவிலேயே மிச்சத் தயிர் தரையில் கொட்டாமல் இருக்கும்.