வெளிநாட்டு லைசென்ஸோடு கொழும்புக்கு வந்தால், முதலில் பெயரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்குக் குடிவருகிறவர்கள் லைசென்ஸ் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இலங்கை முழுவதற்கும் ஒரே சாரதி அனுமதிப்பத்திரம்தான். வாகனத்துக்கு வருடாவருடம் எடுக்கிற ரெவனியூ லைசென்ஸ்தான் மாகாண சபையின் விஷயம். நான் இங்கே எழுதுவது, வெளிநாட்டில் வருடக்கணக்காக ஓட்டிவிட்டு, அந்த நாட்டு லைசென்ஸோடு திரும்பி வந்து இங்கே நிரந்தரமாக இருக்கப்போகிறவர்களுக்கு, அந்த லைசென்ஸை இலங்கை லைசென்ஸாக மாற்றுவது பற்றி. நான் ஒன்டாரியோவில் 11 வருடம் ஓட்டிவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பியவள், அதனால் கனடாக் கதைதான் அதிகம் வரும், ஆனால் லண்டனோ டோஹாவோ, அடிப்படை ஒன்றுதான்.

சர்வதேச பெர்மிட் கையில் இருக்கிறதே, கொஞ்ச நாள் அதோடு ஓடலாம் என்று நினைக்காதீர்கள். அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான ஏற்பாடு. அவர்களும்கூட அதற்கு இங்கே தனியாக அங்கீகாரம் எடுக்கவேண்டும். இங்கேயே குடியிருக்கிறவர் சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஒரு ஓட்டோவில் இடித்துவிட்டால், பொலிஸைவிடப் பெரிய தலையிடி காப்புறுதிதான். இழப்பீடு கேட்கும்போது முதலில் லைசென்ஸைத்தான் கேட்பார்கள்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாம் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் முடிகிற வேலை, பெயர்தான் நாட்களை விழுங்கும். என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயரும் என் பெயரும். ஒன்டாரியோ லைசென்ஸில் கணவரின் பெயரும் என் பெயரும். போதாக்குறைக்கு என் பெயரில் வருகிற ‘த’வுக்கு ஆங்கிலத்தில் ஒன்றில் வெறும் ‘டீ’, மற்றதில் ‘டீ’யும் ‘எச்’சும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். எச் இல்லாத இடத்தில் பேனா நின்றது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார், நான்தான் அந்தக் கோணத்தில் என் கடதாசிகளை ஒருநாளும் பார்த்திருக்கவில்லை.

ஆகவே வீட்டிலேயே மேசையில் எல்லாவற்றையும் பரப்புங்கள்: அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்துப் பத்திரம், வெளிநாட்டு லைசென்ஸ். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயருக்கு ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும், ‘ழ’வுக்கு ‘எல்’ எழுத்தா ‘இசட்’ எழுத்தா, ‘சி’க்கு ‘எச்’ உண்டா இல்லையா என்று. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்றாலும் சமாதான நீதவான் ஒருவரிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ போய்ச் சத்தியக்கடதாசி எடுத்துவிடுங்கள். அதில் உங்கள் பெயர் எந்தெந்த விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் அப்படியே போட்டு, எது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று ஆவண இலக்கத்தோடு சொல்லி, எல்லாம் ஒரே ஆளையே குறிக்கும் என்று முடிக்கவேண்டும். பொதுவாக இரண்டு வரி எழுதிக்கொடுத்தால் திரும்பவும் அலையவேண்டி வரும். பிறப்புச் சான்றிதழும் கலியாணப் பத்திரமும் தமிழில் இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி ஒன்றும் செய்துவைப்பது நல்லது, அவரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி இந்த எழுத்துக்கூட்டிலேயே எழுதுங்கள் என்று சொல்லுங்கள். அரபு மாதிரி வேறு மொழி லைசென்ஸ் என்றால் அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து புறப்படும் முன்பே இதை வாசிக்கிறீர்கள் என்றால் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, லைசென்ஸ் முடியும் திகதியைப் பாருங்கள், காலாவதியான அட்டையை மாற்ற வருவதில் அர்த்தமில்லை. இரண்டாவது, உங்கள் ஓட்டுநர் பதிவு அறிக்கையை அந்த நாட்டு அலுவலகத்தில் வாங்கி வாருங்கள். ஒன்டாரியோக்காரருக்கு இது மிகவும் உதவும், ஏனென்றால் அங்கே ‘ஜி’ என்றால் முழுமையான கார் லைசென்ஸ், இங்கே ‘ஜி’ வகுப்பு உழவு இயந்திரத்துக்கு! இங்கே கார் ‘பி’, மோட்டார் சைக்கிள் ‘ஏ’. வகுப்பு பற்றிக் கேள்வி வந்தால் காட்ட ஒரு கடதாசி இருக்கட்டும். அதுபோலக் கார் மட்டும் ஓட்டியவருக்குக் கார் மட்டும்தான் கிடைக்கும். ஸ்கூட்டியும் ஓட்ட ஆசை என்றால் அதற்குத் தனியாகப் பரீட்சை செய்யவேண்டும். பழைய கடவுச்சீட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள், லைசென்ஸ் எடுத்த காலத்தில் அந்த நாட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அந்த முத்திரைகள்தான் சாட்சி.

அப்புறம் வைத்தியச் சான்றிதழ். தெருமுனை டொக்டரின் கடிதம் செல்லாது, தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழ்தான் வேண்டும், கொழும்பில் இருப்பவர்களுக்கு நுகேகொடை கிட்ட. முன்கூட்டியே நேரம் பதிந்துகொண்டு போங்கள். கண் பார்வை, நிறம் பிரித்தறிவது, காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியை மறக்கவேண்டாம். சான்றிதழ் 6 மாதம் செல்லும், அதனால் பெயர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு இதை எடுப்பதுதான் புத்தி.

இவ்வளவும் கையில் வந்தபின் வெரஹெர. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கந்தோர் நாரஹேன்பிட்டியில் இருப்பதால் பலர் அங்கே போய் நிற்கிறார்கள், லைசென்ஸ் வேலை நடப்பது பொரலஸ்கமுவ தாண்டி வெரஹெரவில். 120ஆம் இலக்க பஸ் அந்தப் பாதையால்தான் போகும். திணைக்களத்தின் இணையதளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்து, நேரம் பதிந்துகொண்டு, காலையிலேயே போய்விடுங்கள். எல்லாவற்றிலும் மூலப்பிரதியும் இரண்டு போட்டோ கொப்பியும். படமும் கைரேகையும் கையொப்பமும் அங்கேயே எடுப்பார்கள். சிங்களம் ஓடாதவர்கள் கதைக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால் மனம் நிம்மதியாக இருக்கும், ஆனால் வெளியே நின்று “நான் சீக்கிரம் எடுத்துத் தாறன்” என்று வருகிறவர்களிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கவே வேண்டாம். சாதாரண வாகனங்களுக்கான அட்டை 8 வருடத்துக்குச் செல்லும். அட்டைக்கு முன்னால் தற்காலிகக் கடதாசி தந்தால் அன்றே கொப்பி எடுத்து, அசலை நனையாத உறையில் போடுங்கள்.

லைசென்ஸ் வந்தவுடன் காலி வீதியில் இறங்கிவிடாதீர்கள். வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு முதல் வாரம் கஷ்டம். சிக்னல் போடப் போய் வைப்பர் ஆடும், ஏனென்றால் இங்கே ஓடுகிற ஜப்பான் கார்களில் சிக்னல் தடி ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிடவேண்டும். கனடாவில் சிவப்பில் நின்று வலப்பக்கம் திரும்பின பழக்கத்தில் இங்கே சிவப்பில் இடப்பக்கம் திரும்பக்கூடாது, அதற்குப் பச்சை அம்புக்குறியோ பலகையோ இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் மெரின் டிரைவ் வெறிச்சோடிக் கிடக்கும், கூட ஒருவரை இருத்திக்கொண்டு வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டி வரை மூன்று நான்கு தரம் போய்வாருங்கள், பஸ்களோடு ஓடுவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.